வெள்ளம் வராத இடத்துக்குப் போகிறோம், பாப்பாத்தி அக்கா

அன்பும் கோபமும் சரிபாதியாகச் சேர்த்து எழுதுகிறேன், பாப்பாத்தி அக்கா,

நீங்கள் கண்ணை மூடிய பிறகு முதல் ஆடி இது. அணை திறக்கும் முன்பே நம் திட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். போன வெள்ளத்தில் பாலம் அடித்துக்கொண்டு போனதிலிருந்தே இனி இங்கே ஆள் இருக்கக் கூடாது என்பதுதான் பேச்சு. காவிரிக்கு நடுவில் இத்தனை சனம் எப்படி அடைந்து கிடக்கிறது என்று வந்த அதிகாரிகளுக்கெல்லாம் ஆச்சரியம். கரையில் இடம் கொடுத்திருந்தால் நம் முப்பாட்டன்கள் எதற்கு ஆற்றுக்குள் வந்து குடிசை போட்டிருக்கப் போகிறார்கள்?

வாசிக்கிறவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். எங்கள் ஊரில் மேல்வீதி மேட்டில், கீழ்வீதி பள்ளத்தில். கீழ்வீதியின் ஒவ்வொரு வீட்டுக்கும் மேல்வீதியில் ஒரு வீடு உண்டு. வெள்ளம் வந்தால் ஆடு, அடுப்பு, பிள்ளைகளோடு யாரையும் கேட்காமல் அங்கே ஏறிவிடலாம். சாதி பார்ப்பதில்லை. அந்த உறவுக்கு மேட்டுச் சொந்தம் என்று பெயர். கல்யாணத்தில் தாய்மாமனுக்கு அடுத்த வெற்றிலை அந்த வீட்டுக்குத்தான்.

என் மேட்டுச் சொந்தம் நீங்கள். என் மகள் பிறந்ததே உங்கள் சமையலறையில். "ஏனம்மிணி, உனக்கு இன்னைக்குத்தான் நேரங் கெடச்சுதா?" என்று திட்டிக்கொண்டே வெந்நீர் வைத்தீர்கள்.

முதலில் கரையோரமாகவே மனை தருவதாகத்தான் சொன்னார்கள். மாரியம்மன் கோயில் கூட்டத்தில் நீங்கள் எழுந்தீர்கள். மேல்வீட்டுக்குப் பக்கத்திலேயே அதன் கீழ்வீட்டுக்கும் மனை வேண்டும், இல்லாவிட்டால் ஒருத்தரும் கையெழுத்துப் போட மாட்டோம் என்றீர்கள். அங்கேதான் வெள்ளமே வராதே, பிறகு எதற்கு ஜோடி என்று அதிகாரி கேட்டார்.

"வெள்ளந்தானுங்க எங்களச் சேர்த்துச்சு. அதுக்காக வடிஞ்சா உட்டுப்போட்டுப் போயிருவோமுங்களா?" என்றீர்கள். ஊரே கைதட்டியது. நானும் கை வலிக்கத் தட்டினேன்.

அந்தக் கைதட்டலில்தான் காரியம் கெட்டது, அக்கா. நாம் பிடித்த பிடியில் காலம் ஓடிவிட்டது, கரையோர மனையெல்லாம் வேறு ஊர்க்காரர்களுக்குப் போய்விட்டது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை. இப்போது கொடுப்பது இரண்டு பொட்டல். ஒன்று ஈரோட்டுப் பக்கம், மற்றது காவிரிக்கு அந்தப் பக்கம். குலுக்கல் போட்டார்கள். ஈரோட்டுப் பக்கம் உங்கள் மகன் செந்திலுக்கு விழுந்தது, அந்தப் பக்கம் எனக்கு. நீங்கள் இருந்திருந்தால் கடைசியில் இறங்கி வந்திருப்பீர்களா? கேட்க முடியாதபடி போய்விட்டீர்களே, அதுதான் எனக்கு ஆத்திரம்.

செந்திலுக்குப் பக்கத்து மனை விழுந்தவர், வேண்டுமானால் மாற்றிக்கொள்ளலாம் என்றார். செருப்புக்கூடப் போடாமல் செந்திலிடம் ஓடினேன். சாமான் கட்டிக்கொண்டிருந்தவன் எழுந்து நாற்காலி போட்டான். காப்பி வரவழைத்துக் கையில் கொடுத்தான்.

"தப்பா நெனைக்காதீங்க சின்னம்மா. அதெல்லாம் அம்மாவோட போச்சுங்க. நாங்களும் எங்க ஊட்டுல தனியா இருந்து பாக்கோணும்னு ஆசைங்க."

அவன் மேல் கோபப்படப் பார்த்தேன். வரவில்லை. ஒவ்வொரு ஆடியிலும் அவன் பாயில் என் பிள்ளைகள் படுத்தார்கள். பரீட்சைக்குப் படிக்க இடமில்லாமல் அவன் மாட்டுக்கொட்டகையில் உட்கார்ந்திருப்பான். நாம் இரண்டு பேரும் எவ்வளவு பெருமையாகச் சொந்தம் கொண்டாடினோம்! அவனுக்குச் சம்மதமா என்று ஒரு தடவையாவது கேட்டோமா, அக்கா?

மாற்று மனை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஊரில் பல ஜோடிகளுக்கும் இதே கதிதான். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் பரிசலில் பீரோ ஏற்றுகிறார்கள். நாளைக்கு எங்கள் சாமானும் கரை ஏறிவிடும். ஒவ்வொருவருக்கும் மனை இருக்கிறது, ஊர்தான் இல்லை.

உங்களுக்கு ஒரு சத்தியம் செய்கிறேன். உறவைச் சொல்லிச் செந்திலைச் சங்கடப்படுத்த மாட்டேன். புது வீட்டில் பால் காய்ச்சக் கூப்பிட்டால் போவேன். கூப்பிட மாட்டான், தெரியும். என்றைக்காவது அவனைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை என்றால், முன்கூட்டியே போன் செய்து, வரலாமா என்று கேட்டு, வெளியே நின்று கதவைத் தட்டுவேன். உங்கள் வீட்டுக் கதவைத் தட்ட இந்த வயதில்தான் பழக வேண்டும்.

உங்கள் கீழ்வீட்டுத் தங்கச்சி,
சரசு