குட்டனுக்கு ஒரு மிதப்புச் சட்டை

யூன் 3, செவ்வாய்

கச்சான் காற்று. கொடியில் போட்ட துணி எல்லாம் முற்றத்து மண்ணில்.

குட்டனின் அப்பா நேற்று மீன்பிடி வாடியிலிருந்து வந்தார். சித்திரைக்கு முன் போன மனிதர், முகம் முழுக்கத் தாடி. குட்டன் என் காலுக்குப் பின்னால் ஒளிந்து நின்று, "மாமா" என்றான். ஒழுங்கையில் போகிற ஆம்பிளைகள் எல்லோரும் அவனுக்கு மாமாதான். அவர் சிரித்துவிட்டுக் கிணற்றடிக்குப் போனார். கனநேரம் முகம் கழுவினார்.

தேத்தண்ணி குடிக்கும்போது கேட்டார்: "நீரும் பிள்ளையும் என்னோடை வாருமன். றால் பிடிக்கிற காலம் முடியுமட்டும் அங்கை இருப்பம்."

வாடி நாயாற்றுக் களப்புக்கு அந்தப் பக்கம். ரோட்டு இல்லை. மண்ணெண்ணெய் விற்கிற விலையில் எஞ்சினும் இல்லை, பாய் வள்ளம்தான். எனக்கோ நீந்தத் தெரியாது. ஸ்கந்தபுரத்தில் பிறந்தவளுக்கு வாய்க்கால் தண்ணீர்தான் பழக்கம். குட்டனுக்கு நடை வந்த கையோடு ஓட்டமும் வந்துவிட்டது.

சொல்லிவிட்டேன். வள்ளத்தில் பிள்ளைக்கு ஒன்றும் வராது என்று என் மனதுக்குப் பட்டால் வருவேன். இல்லாவிட்டால் இல்லை. சனிக்கிழமை அவர் போக வேண்டும்.

யூன் 4, புதன்

வேண்டியவை: மிதப்புச் சட்டை. கயிறு. தொப்பி. பால்மா. இருமல் மருந்து.

கடையில் இருந்த சட்டை பெரியவர்களுக்கானது. குட்டன் அதற்குள் போய்க் காணாமலே போனான். பழைய வலையில் கழற்றிய மிதப்புகளை அவர் கொண்டுவர, அடுத்த வீட்டு றிஸ்வானா அக்கா மெஷினில் தைத்துத் தந்தார். எல்லாம் முதுகுப் பக்கம். அது குட்டனின் அப்பாவுடைய யோசனை.

"முன்னுக்கு வைச்சா பிள்ளை எப்பிடிச் சாப்பிடுறது?"

நானும் தலையாட்டினேன். போட்டுவிட்டதும் குட்டன் ஆமைக்குட்டி மாதிரி முற்றம் முழுக்க நடந்தான். றிஸ்வானா அக்கா சிரித்துச் சிரித்துக் கதிரையில் இருந்துவிட்டார்.

யூன் 5, வியாழன்

வெயில். சட்டையைச் சோதிக்காமல் பிள்ளையை ஏற்ற மாட்டேன் என்று ஒரே பிடிவாதம் (என்னுடையது). குட்டனின் பழைய உடுப்புக்குள் ஈரமண் நிரப்பி, தலைக்குத் தேங்காய் வைத்துக் கட்டினோம். மையால் கண், வாய். குட்டன் அதைக் கொஞ்சி, "பாப்பா" என்றான்.

சட்டையைப் போட்டுக் களப்புக் கரையில் விட்டோம். மிதந்தது. அவர் கை தட்டப் போனார். அதற்குள் பாப்பா மெல்லப் புரண்டு, முகத்தைத் தண்ணீருக்குள் வைத்துக்கொண்டு அப்படியே கிடந்தது.

நான் பாய்ந்துபோய் அதைத் தூக்கினேன்.

"வலையை மிதக்க விட்டுத்தான் எனக்குப் பழக்கம்," என்றார். "வலைக்கு மூச்சு வேண்டாமே."

கரையிலேயே இருந்து கத்தியால் தையல் பிரித்தார். மிதப்புகள் நெஞ்சுக்கு வந்தன, ஒன்று மட்டும் பிடரிக்கு. றிஸ்வானா அக்கா திரும்பத் தைத்தார். பின்னேரம் மறுபடி விட்டோம். பாப்பா வானத்தைப் பார்த்துக்கொண்டு மிதந்தது. எத்தனை தரம் கவிழ்த்து விட்டாலும் நிமிர்ந்தது.

இரவு அந்தத் தேங்காயில்தான் சம்பல். குட்டனுக்குத் தெரியாது.

யூன் 6, வெள்ளி

இன்று கயிறு. இது என் பொறுப்பு. வள்ளத்தின் நடுவில் பாய்மரம். அதில் ஒரு முனை, குட்டனின் சட்டையில் மறு முனை. எல்லா இடமும் போகலாம், விளிம்புக்கு மட்டும் எட்டாது.

"பிள்ளையை என்ன மாட்டுக்கண்டெண்டு நினைச்சீரோ?"

"கண்டு பரவாயில்லையப்பா. தண்ணியைக் கண்டா நிண்டு யோசிக்கும். இவன் குதிப்பான்."

வள்ளத்தைக் கரையில் வைத்தே பழக்கினோம். வள்ளம் ஓடும்போது ஒருவரும் எழும்பக் கூடாது. எழும்பினால் நான் "இரு!" என்று கத்துவேன். பத்துத் தரம் கத்தியதில் குட்டனுக்கு அது விளையாட்டாகிவிட்டது. கோழியைப் பார்த்து "இரு!" என்கிறான். நடந்துபோன தபால்காரரையும் இருக்கச் சொன்னான்.

அவனுக்கு அப்பா இன்னும் மாமாதான். தாடி எடுத்தும் மாமா.

போகிறோம். சட்டி பானை கட்டியாயிற்று.

யூன் 7, சனி. வாடி

வந்து சேர்ந்தோம். எழுதும்போதும் சிரிப்பு வருகிறது.

பாதி வழி வரை நல்ல ஓட்டம். குட்டன் கயிற்றோடு என் மடியில். பிறகு பாய்க் கயிறு மேலே சிக்கியது. அவர் பாயைத் தளர்த்திவிட்டு, எடுத்துவிடலாம் என்று எழும்பினார். கால் போய்க் குட்டனின் கயிற்றில் மாட்டியது. தொபுக்கடீர்!

நான் போட்ட கூச்சல் றிஸ்வானா அக்காவுக்கே கேட்டிருக்கும். குட்டன் என் பிடிக்குள் நின்று, விரலை நீட்டி, தொண்டை கிழியக் கத்தினான்:

"அப்பா! இரு!"

அவர் தண்ணீருக்குள்ளிருந்து எழும்பி நின்றார். நெஞ்சளவுதான். வள்ளத்தைப் பிடித்தபடி ஏறாமல் அப்படியே நின்றார்.

"இன்னொருக்காச் சொல்லடா."

"இரு!"

"அதில்லை. முதல் சொன்னது."

"அப்பா."

அவர் முகத்தைத் துடைத்தார். துடைத்தது களப்புத் தண்ணீர்தான் என்று நானும் விட்டுவிட்டேன்.

"இவ்வளவுதானோ ஆழம்? நான் நாலு நாளாச் செத்துப் பிழைச்சனே!"

"இந்த இடத்திலை இவ்வளவுதான். நீர் கேக்கேல்லையே."

நெஞ்சளவு அவருக்கு. குட்டனுக்கு அது கடல். கயிறும் சட்டையும் இருக்கத்தான் வேண்டும்.

மிச்ச மிதப்புகளையும் பையில் போட்டுக்கொண்டு வந்தது நல்லதாய்ப் போயிற்று. காலையில் அவருக்கு அளவெடுக்க வேண்டும்.