பக்கத்து நாற்காலி

மார்ச் 4

பிசினஸ் அனலிஸ்ட் என்றால் என்ன வேலை என்று அண்ணி கேட்டார். "மத்தவங்க எப்படி வேலை செய்றாங்கன்னு பக்கத்துல உக்காந்து பாத்து எழுதணும் அண்ணி. அத வச்சு புது சாஃப்ட்வேர் செய்வாங்க."

"வேவு பாக்கறதுக்குச் சம்பளம் வேறயா?"

சிரித்தேன். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது.

மார்ச் 6

இன்று புகார்ப் பிரிவு. வாஷிங் மெஷின் ஓடவில்லை என்றால் இங்கேதான் கூப்பிடுவார்கள். மூன்று பெண்கள். மூத்தவர் கண்ணாடி அக்கா. தலைமேல் கண்ணாடியை ஏற்றிவிட்டு மேஜையெல்லாம் தேடுவார்.

"நீங்க எப்படி வேலை செய்றீங்கன்னு சும்மா பாக்கத்தான் வந்தேன்க்கா" என்று நாற்காலியை இழுத்துப் போட்டேன். அதுவரை கலகலவென்று இருந்த இடம், கப்சிப். "மொதல்ல டீ குடிங்க" என்றார் அக்கா, கம்ப்யூட்டர் திரையை மெல்ல அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டே.

மார்ச் 11

புகாரை வாங்குகிறார்கள், பதிகிறார்கள், மெக்கானிக்கை அனுப்புகிறார்கள். எல்லாம் விதிப்படி. இவ்வளவு ஒழுங்கான ஆபீஸ் உலகத்தில் உண்டா? என் தலையில் மிளகாய் அரைக்கிறார்கள்.

மார்ச் 12

அக்கா சொந்த போனை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்குப் போகிறார். திரும்பி வந்ததும் ஒரு புகார் முடிந்துவிடுகிறது. மெக்கானிக் போகவே இல்லை! யாரோடு என்ன பேரம்?

மார்ச் 14

மேனேஜர் கூப்பிட்டார். "நல்லா எழுதியிருக்கம்மா. ஒவ்வொரு வேலைக்கும் பக்கத்துல, செய்றவங்க பேரையும் போட்டுடு."

பேர் எதற்கு? கேட்டே விட்டேன். "சும்மாத்தான்" என்றார்.

அதே சும்மாவைச் சொல்லித்தானே நானும் அங்கே போய் உட்கார்ந்தேன்.

மார்ச் 17

அக்கா பின்னாலேயே படிக்கட்டுக்குப் போனேன். அசிங்கம்தான். அவர் போனில் யாரிடமோ, "தண்ணி வர்ற பைப்பத் திறந்தீங்களாம்மா? இப்ப ஓடுதா? அவ்ளோதான்."

என்னைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது. இவர்களாக வாடிக்கையாளரைக் கூப்பிடக் கூடாதாம், விதி. "எழுதிடாதீங்க. பாதி புகார் இப்படித்தான் முடியுது. தெரிஞ்சா எங்க வேலை போயிடும்."

எழுதாவிட்டால்? வாங்குவது, பதிவது, அனுப்புவது – சாஃப்ட்வேரே செய்துவிடும். மூன்று பேரையும் அனுப்பிவிடுவார்கள். எழுதினாலும் போகும், எழுதலேன்னாலும் போகும். ச்சே, என்ன பொழப்பு இது!

மார்ச் 19

எழுதிவிட்டேன். அக்காவிடம் சொல்லிவிட்டுத்தான். இந்தப் பேச்சை மனுஷர்தான் பேச முடியும் என்று எழுதி, மூன்று பேர் பெயரையும் அங்கேதான் போட்டேன். அக்கா என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

மார்ச் 21

அக்காவை மேனேஜர் அறைக்குக் கூப்பிட்டார்கள். வெளியே வந்தவர் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் கொண்டுவந்த சாப்பாடு அப்படியே திரும்பி வந்தது.

மார்ச் 24

அக்கா வந்திருக்கிறார். வந்துவிட்டார்!

ஏப்ரல் 28

புது சாஃப்ட்வேர் ஓடத் தொடங்கிவிட்டது. கூப்பிடக் கூடாது என்ற விதியையும் எடுத்துவிட்டார்கள். மூவரும் அவரவர் இடத்திலேயே இருந்து, ஆபீஸ் போனிலேயே வாடிக்கையாளர்களைக் கூப்பிடுகிறார்கள். அக்காவின் குரல் என் மேஜை வரை கேட்கிறது.

காலையில் ஒரு புதுப் பெண் வந்து என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டாள். மேனேஜர் அனுப்பினாராம். "நீங்க எப்படி வேலை செய்றீங்கன்னு சும்மா பாக்கத்தான் வந்தேன்க்கா."

"மொதல்ல டீ குடிம்மா" என்றேன். கை தானாகத் திரையை அந்தப் பக்கம் திருப்பியது.