மறுத்தவர் யாருமில்லை

09.02.2004, திங்கள்

உக்குவளைக்கு மேலே உள்ள தோட்டத்தில் முதல் நாள். வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக் காம்பராவில், தொட்டில்களை ஓரமாகத் தள்ளிவிட்டு மேசை போட்டோம். சீனி வியாதி தோட்டக் குடும்பங்களில் எப்படித் தலைமுறை தலைமுறையாக இறங்கி வருகிறது என்பதுதான் ஆய்வு. ஒரு குழாய் இரத்தம், நாலு பக்கப் படிவம், பெருவிரல் ரேகை. பொறுப்பு டாக்டர் லாபிர். இரத்தம் எடுப்பது தாதி. படிவம் என் வேலை.

பாட்டன், பாட்டி பிறந்த இடம் வரைக்கும் கேட்டு எழுத வேண்டும். முதல் இரண்டு பக்கமும் விளக்கம். யாரோ கொழும்பில் மொழிபெயர்த்திருக்கிறார்கள். ‘மரபுவழி முன்சாய்வு’ என்றெல்லாம் இருக்கிறது. எனக்கே மூச்சு முட்டியது. நான்கு பேருக்கு முழுதாக வாசித்தேன். வரிசை வாசலைத் தாண்டி நின்றது. ஐந்தாவது ஆளிலிருந்து, “எல்லாம் உங்க நல்லதுக்குத்தான், இங்க ரேகை வைங்க” என்று சுருக்கிவிட்டேன்.

31 பேர். பதிவேட்டில் ‘மறுத்தோர்’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. 0 போட்டேன்.

13.02, வெள்ளி

மறுத்தோர் 0. இப்படி ஒத்துழைக்கும் சனத்தைத் தான் எங்குமே கண்டதில்லை என்கிறார் டாக்டர்.

20.02, வெள்ளி

இதுவரை 140 பேர். எல்லோருடைய பாட்டனும் இதே தோட்டத்தில் பிறந்திருக்கிறார். ஒருவர்கூடத் திருச்சி, சேலம் என்று சொல்லவில்லை. டாக்டருக்கு ஒரே சந்தோஷம். இத்தனை தலைமுறையாக ஒரே இடத்தில் வாழ்ந்த சமூகம் கிடைப்பது அபூர்வமாம். கட்டுரைக்குத் தலைப்பே வைத்துவிட்டார்.

இங்கே தேயிலை போடுவதற்கு முன்பே இந்தத் தோட்டத்தில் பிறந்த பாட்டன்களும் பட்டியலில் இருக்கிறார்கள். எனக்கு இடிக்கிறது. பெரிய மனிதரின் சந்தோஷத்தைக் கெடுப்பானேன் என்று பேசாமல் இருந்தேன்.

27.02, வெள்ளி

212 பேரோடு முடிந்தது. மறுத்தோர் 0. குழாய்கள் வரும் 15ஆம் திகதி வெளிநாட்டுக்குப் போகின்றன. அந்த இயந்திரம் இங்கே இல்லை. அங்கே போன இரத்தத்தை வேறு ஆய்வுக்கும் எடுப்பார்களா என்று டாக்டரிடம் கேட்டேன். இரண்டாம் பக்கத்தில் இருக்கிறது என்றார்.

பார்த்தேன். எடுப்பார்கள். இருபத்தைந்து வருடம் வைத்திருப்பார்கள். அதற்கும் சேர்த்துத்தான் ரேகை வைத்திருக்கிறார்கள்.

07.03, ஞாயிறு

பலாபத்வலவில் பிரஜாவுரிமை நடமாடும் சேவை. புதுச் சட்டம் வந்து சில மாதங்கள்தான் ஆகின்றன. இதுவரை எந்த நாட்டுக்காரரும் இல்லாதவர்கள் படிவம் கொடுத்தால் போதும், இந்த நாட்டுக்காரர். நானும் உதவிக்குப் போனேன். நாங்கள் இரத்தம் எடுத்த தோட்டத்திலிருந்து ஏழே ஏழு பேர் வந்தார்கள். ஏழு பேரும் எங்களிடம் இரத்தம் கொடுக்காதவர்கள்.

மற்றவர்களை, அக்கறையில்லாத சனம் என்று மனதுக்குள் திட்டினேன்.

08.03, திங்கள்

மாரியாயி, மேல் லயத்து வரிசை வீடுகளில் இருப்பவர். அறுபத்திரண்டு வயது. அடையாள அட்டை இல்லாததால், சோதனைச் சாவடிக்குப் பயந்து மாத்தளை பஸ்ஸில்கூட ஏறாதவர். இன்று நான் பிள்ளைக் காம்பராவில் சாமான்களை ஒதுக்கிக்கொண்டிருந்தபோது, பறித்த கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு நேராக என்னிடம் வந்தார். சோப்புப் பை என்கிற பிளாஸ்டிக் பையிலிருந்து ஒரு கடதாசியை எடுத்தார். எங்கள் சம்மதப் படிவத்தின் பிரதி.

“மிஸ், என் காட் எப்ப வரும்?”

எந்தக் காட் என்று கேட்டேன்.

“பிரஜாவுரிமை காட்டுதான். பாட்டன் எங்க பொறந்தாருன்னு கேட்டீங்க, ரேகை வாங்கினீங்க. இங்கதான் பொறந்தாருன்னு சொல்லணும்னு எல்லாரும் பேசி வச்சுத்தான் வந்தோம்.”

“அப்ப ரத்தம் எடுத்தது?”

“இந்த வாட்டி ரத்தமும் கேக்குறாங்கன்னு நெனச்சோம்.”

அதனால்தான் இவர்கள் நேற்று பலாபத்வலவுக்கு வரவில்லை. ஒரு தடவை கொடுத்தாயிற்று, இரண்டாம் தடவை போனால் சந்தேகப்படுவார்கள் என்று பயம்.

09.03, செவ்வாய்

அப்பாவும் இப்படித்தான் பிரஜாவுரிமைக்காக ஒரு தகரப் பெட்டி நிறையக் கடதாசி வைத்திருந்தார். அதைப் பார்த்து வளர்ந்த எனக்கு, பாட்டன் பிறந்த இடத்தைக் கேட்டு ரேகையும் வாங்கினால் தோட்டத்தில் என்ன நினைப்பார்கள் என்று தெரியாதா? தெரியும். அவசரத்தில் நினைக்கவில்லை. வெட்கமாக இருக்கு. வேற என்ன எழுதுறது.

சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் 15ஆம் திகதி இரத்தக் குழாய்ப் பெட்டி போகும் — நானும் மெல்ல மெல்ல மறந்துவிடுவேன். அதுதான் பயம்.

10.03, புதன்

சொன்னேன். டாக்டர் முதலில், படிவங்கள் சட்டப்படி சரியாகத்தானே இருக்கின்றன என்றார். இருக்கின்றன என்றேன். ஒரு படிவத்தை எடுத்துப் புரட்டினார்.

“நீங்க வாசிச்சுக் காட்டினதா இல்லையா?”

“நாலு பேருக்கு, சேர்.”

பாட்டன்களைப் பற்றியும் சொன்னேன். அப்போதுதான் அவர் முகம் வாடியது. பிறகு, ஆய்வுக்கு அனுமதி தந்த நெறிமுறைக் குழுவுக்குத் தானே கடிதம் எழுதினார். என் பெயரைப் போடவில்லை. அது பெருந்தன்மையா, என் பெயர் மறந்துபோனதா, தெரியவில்லை.

15.03, திங்கள்

பெட்டி போகவில்லை.

25.04, ஞாயிறு

மாவட்ட அரசாங்க அலுவலகமான கச்சேரிக்கு மூன்று தடவை நடந்து, உக்குவளையில் இன்னொரு சேவை நாள் வாங்கினேன். தோட்டத்துச் சனம் இரண்டு லொறியில் வந்தார்கள். அதிகாரி பாட்டனின் ஊரைக் கேட்டதும் மாரியாயி என்னைத் திரும்பிப் பார்த்தார். உள்ளதையே சொல்லலாம் என்றேன். “துறையூருக்குப் பக்கம்” என்றார். அந்த ஊர்ப் பெயரை அவர் வாயால் கேட்பது இதுதான் முதல் தடவை.

10.05, திங்கள்

மறுபடியும் பிள்ளைக் காம்பரா, மறுபடியும் 212 பேர். எடுத்து வைத்த இரத்தத்துக்குப் புதிதாகச் சம்மதம் கேட்கச் சொல்லியிருந்தது குழு. விளக்கத்தை நானே எங்கள் பேச்சில் எழுதியிருந்தேன். முதல் ஆள் மாரியாயி. இடுப்பில் சோப்புப் பை, அதற்குள் முத்திரை குத்திய புதுப் பிரஜாவுரிமைக் கடதாசி. முழுதும் வாசித்துக் காட்டினேன். இருபத்தைந்து வருடம் என்பதையும் சொன்னேன். டாக்டர் பக்கத்திலேயே நின்றார்.

“வேணாம்னு சொன்னா, இந்தக் கடதாசியத் திருப்பிக் கேப்பாங்களா?”

“கேக்க மாட்டாங்க, அம்மா. அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல.”

“அரிசி, மருந்து, எதையும் நிப்பாட்ட மாட்டாங்களா?”

“மாட்டாங்க.”

யோசித்தார். பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது. நான் அவசரப்படுத்தவில்லை.

“அப்ப வேணாம், மிஸ்.”

சொல்லிவிட்டு, ஏதாவது நடக்கிறதா என்று கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார். ஒன்றும் நடக்கவில்லை. சேலையைச் சரிசெய்துகொண்டு மலைக்கு வேலைக்குப் போனார்.

மறுத்தோர் கட்டத்தில் 1 என்று எழுதினேன். டாக்டர் எட்டிப் பார்த்துச் சரி என்றார். அடுத்தவரைக் கூப்பிட்டேன்.