மணல்திட்டில் மறுபடி எண்ணிய நாள்கள்

அன்பு குறையாத மச்சான் சவரிமுத்துவுக்கு,

சுவாமியார் வராத ஞாயிறுகளில் நம் கோயிலில் செபம் நடத்துகிறவனும், துரைமாளிகையில் எழுத்து வேலை பார்க்கிறவனும், உமது மனைவி திரேசம்மாளின் அண்ணனுமாகிய ஞானப்பிரகாசம் எழுதுவது. இக்கடிதத்தின் நோக்கம் இரண்டு. உம்மைத் திட்டில் அடக்கம் செய்த பிறகு இங்கே நடந்தவற்றை உமக்குத் தெரிவிப்பது ஒன்று. இதுவரை நான் ஒருவரிடமும் சொல்லாத ஒரு தவற்றை, சபையார் எல்லார் காதிலும் விழும்படி உம்மிடம் சொல்வது மற்றொன்று. ஆகவே இன்று செபம் முடிந்ததும் இதைக் கோயிலில் நின்று வாசிப்பேன்.

நான்கு முறை எழுதிக் கிழித்தேன், மச்சான். இரண்டு வரி எழுதுவதும், எழுந்து கரைவரை போய்வருவதுமாக மூன்று நாள் கழிந்தது. ஐம்பது வயதில் ஒரு கடிதத்துக்கு இத்தனை நடை நடப்பேன் என்று நான் நினைத்ததில்லை.

நோய் வந்த விதம் உமக்குத் தெரியும். வெளியூர்களிலிருந்து வந்திருப்போரும் கேட்பார்கள் என்பதால் முறையாகச் சொல்கிறேன். ஊர் இங்கிலீஷ்காரர் கையிலிருந்து மீண்டும் ஒல்லாந்தர் கைக்கு வந்து, கொடிமரத்தில் கொடி மாறிக் கொஞ்ச காலமே ஆகியிருந்தது. பொன்னேரிச் சந்தைக்குப் போய்வந்தவர்களோடு வாந்திபேதி குப்பத்துக்குள் நுழைந்தது. காலையில் கிழிந்த வலையைப் பின்னிக்கொண்டிருந்தவன் மாலையில் இல்லை. ஒல்லாந்தத் துரை உத்தரவு போட்டார். எந்த வீட்டில் ஒருவர் விழுந்தாலும் அந்த வீட்டார் அனைவரும் ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்துக்கு வடக்கேயுள்ள மணல்திட்டுக்குப் போய்விட வேண்டும். விழுந்தவர் தெளிந்த நாளிலிருந்து பதினைந்து நாள் ஊர்க்கரையில் கால் வைக்கக் கூடாது. ஒல்லாந்த மொழியில் இருந்ததைத் தமிழில் எழுதியவன் நான். தமுக்கு அடித்தபின் தெருத்தெருவாகப் படித்தவனும் நானே.

நம் சபையின் இருபத்துநான்கு வீடுகளில் ஏழு வீடுகள் திட்டுக்குப் போயின. ஏழாவது வீடு உம்முடையது. உம் மகள் அன்னம்மாள் விழுந்தாள். இரண்டு நாளில் தெளிந்தாள். உமக்கும் திரேசம்மாளுக்கும் ஒன்றும் இல்லை. ஆனாலும் மூவரும் போனீர்கள்.

கோயிலைப் பூட்டிவிடலாமா என்று மூப்பர் ராயப்பன் கேட்டார். பூட்டத்தான் வேண்டும், ஆனால் செபம் நிற்க வேண்டாம் என்றேன். அன்றுமுதல் மாலையில் நாங்கள் இக்கரையில் முழந்தாளிட்டோம். நீங்கள் அக்கரை மணலில். செபமாலையின் ஒவ்வொரு மணிக்கும் செபத்தின் முன்பாதி எங்களுடையது, பின்பாதி உங்களுடையது. தெற்குக் காற்று எங்கள் குரலை உங்களிடம் கொண்டுபோனது. உங்கள் குரலைக் கொண்டுவரவில்லை. ஆகையால் பின்பாதி முடிந்ததும் நீர் துடுப்பை உயர்த்திக் காட்ட வேண்டும் என்று ஏற்பாடு செய்தேன். ஏழாம் மணியில் நீர் வேண்டுமென்றே இரண்டு முறை தூக்கி என் எண்ணிக்கையைக் குழப்பினீர் என்ற சந்தேகம் எனக்கு இன்றும் தீரவில்லை.

சோற்றுப்பானைகளை நடுத்தண்ணீரில் நட்ட கழிகளில் தொங்கவிட்டோம். எங்கள் தோணி விலகிய பிறகே நீங்கள் வந்து எடுக்க வேண்டும். வெறும்பானை திரும்பி வரக் கூடாது. ஒருநாள் காற்று ஓய்ந்திருந்தபோது திரேசம்மாளின் குரல் தண்ணீரைத் தாண்டி வந்தது.

“அண்ணா! உப்பு போட மறந்துட்டீங்களா, இல்ல உப்புக்கும் துரை உத்தரவு போட்டுட்டாரா?”

இரண்டு கரையும் சிரித்தன. அந்த மாதத்தில் நாங்கள் சேர்ந்து செய்த ஒரே காரியம் அந்தச் சிரிப்புதான் என்று இப்போது தோன்றுகிறது.

அதன் பிறகு உமது பாடு வந்தது.

முகத்துவாரத்தருகே இறால் ஓடும் இடம் ஒன்று உண்டு. அங்கே வலை கட்ட நம் வீடுகளுக்குள் வைத்திருக்கும் முறையையே பாடு என்கிறோம். நாளுக்கு ஒரு வீடு. முறைக்காரன் விடியும்போது தானே வந்து தண்ணீரில் நிற்க வேண்டும். தனக்குப் பதிலாக வேறொருவனை நிறுத்தக் கூடாது. வராதவனின் முறை வரிசையின் கடைசிக்குப் போய்விடும். வலுத்தவன் இளைத்தவனின் நாளைப் பிடுங்கிக்கொண்டிருந்த காலத்தில், அதை நிறுத்துவதற்காக இந்த விதிகளை ஓலையில் எழுதியவன் நான். அவை நல்ல விதிகள், மச்சான். அவற்றால் எத்தனையோ ஏழை வீடுகள் பிழைத்தன என்பதை நீரும் ஒப்புக்கொள்வீர்.

அன்னம்மாள் தெளிந்த கணக்கில் உமக்குப் பதினோராம் நாள். நீர் முழங்கால் தண்ணீர்வரை வந்து நின்று கத்தினீர்.

“மச்சான்! வியாழக்கெழம நம்ம பாடு! ராயப்பண்ணன நிக்கச் சொல்லு!”

“பதிலாள் நிறுத்த விதியில்லை!”

“விதிய எழுதுனது யாரு? நீதானே? ஒரு வரி சேத்து எழுது!”

“ஒருவருக்காக எழுதினால் அது விதி ஆகாது!”

“அப்ப அந்த ஓலைய வேகவச்சி எம் பொண்ணுக்கு ஊத்தச் சொல்றியா? இறால் ஓடுறது பத்து நாளு! கடைசிக்குப் போனா எனக்கு இன்னா கெடைக்கும், சேறா?”

நான் கரையை விட்டுத் திரும்பி நடந்தேன்.

வியாழன் விடியலில் நீர் வலைக்கழியருகே நின்றீர். திட்டிலிருந்து தண்ணீர் வழியாகவே வந்திருந்தீர். இடுப்பளவு நீரில், ஊர்ப்பக்கம் திரும்பாமல், வலையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றீர். வலை இழுக்க வந்த நால்வரும் உம்மைக் கண்டு தூரத்திலேயே நின்றுவிட்டார்கள். நான் கரையிலிருந்து கூவினேன்.

“உத்தரவை மீறிவிட்டீர்!”

“எங்க மீறுனேன்? கரையில கால் வச்சேனா? என் கால்தடத்தக் காட்டு பாப்போம்!”

நீர் ஏமாற்றவில்லை, நம்பித்தான் வந்தீர். நம் ஆள்களுக்குத் தண்ணீர் ஊரோடு சேர்ந்ததல்ல. கரையில் முகம் பார்த்துப் பேசாத இருவர் ஏரியில் ஒருவருக்கொருவர் கயிறு வீசுவார்கள். கரையேறியதும் மறுபடி பேச மாட்டார்கள். ஊர்க்கரை என்று கேட்ட எந்த மீன்காரனும் தண்ணீரை அதில் சேர்க்கமாட்டான். நீர் தனியாகவே வலை கட்டி, அரைக்கூடை இறாலோடு வந்த வழியே திரும்பினீர்.

அன்று பகலில் துரை என்னை அழைத்தார். “தமிழில் எழுதியவன் நீ. நீ படித்துக்காட்டிய உத்தரவை அந்த மனிதன் மீறினானா, இல்லையா? நீ சொல்வதே முடிவு” என்றார்.

மச்சான், இனிச் சொல்லப்போவதை நான் மூன்று நாளாகச் சுற்றிச் சுற்றி வருகிறேன். மூல உத்தரவில் “ஊர்க்கரையிலும், அதை அடுத்த தண்ணீரிலும்” என்று இருந்தது. இரண்டாவதை நான் விட்டுவிட்டேன். கரைக்கு வரக் கூடாதவன் தண்ணீருக்கு எதற்காக வருவான், அது மிகை என்று எண்ணினேன். வாக்கியம் சுருக்கமாக நின்றால் படிக்க நன்றாக இருக்கும் என்றும் எண்ணினேன். இந்த ஏரிக்கரையிலேயே பிறந்த நான் அப்படி எண்ணினேன். ஆகவே உமக்குப் படித்துக்காட்டப்பட்ட உத்தரவை நீர் மீறவே இல்லை. “பிழை என்னுடையது” என்று துரையிடம் சொல்லியிருக்க வேண்டும்.

“மீறினார்” என்றேன்.

ஏன் சொன்னேன்? நோய்க்கு அஞ்சியா? அல்லது, பிழையற எழுதுகிறவன் என்று துரைமாளிகையில் எனக்கிருந்த பெயருக்கு அஞ்சியா? முதல் காரணம் என்றால் கொஞ்சம் தூங்குவேன். நான் தூங்குவதில்லை.

பன்னிரண்டு நாள் கழித்திருந்த உங்கள் மூவருக்கும் தண்டனையாகப் பதினைந்து நாளும் முதலிலிருந்து எண்ணப்பட்டன. புதுக்கணக்கில் ஆறாம் நாள் நீர் விழுந்தீர். ஏழாம் நாள் பொழுது சாயுமுன் போய்விட்டீர். பழைய எண்ணிக்கை நின்றிருந்தால், விழுவதற்கு மூன்று நாள் முன்பே வீட்டுக்கு வந்திருப்பீர். வந்திருந்தால் பிழைத்திருப்பீரா? அல்லது நோயை உள்ளே வைத்துக்கொண்டு தெருவுக்கே கொண்டுவந்திருப்பீரா? அந்த மணல் ஊற்றின் கலங்கல் நீரை மேலும் மூன்று நாள் குடித்ததுதான் உம்மைக் கொண்டுபோனதா? அன்று தூரத்தில் நின்ற நால்வருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இதை எந்தப் பக்கத்தில் சேர்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

உம்மைத் திட்டிலேயே புதைத்தார்கள். நாங்கள் இக்கரையிலிருந்து முன்பாதியைச் சொன்னோம். உமது இடத்தில் திரேசம்மாள் துடுப்பைத் தூக்கினாள்.

இனி இங்கத்துச் செய்தி. நோய் போய்விட்டது. திட்டிலிருந்த குடிசைகளைக் கொளுத்தியாயிற்று. கோயில் திறந்தாயிற்று, பொன்னேரிச் சந்தையும் கூடுகிறது. அன்னம்மாள் உடம்பு தேறிவிட்டாள், வாயும் தேறிவிட்டது. “மாமா செபத்துல தும்முனாக்கூட எண்ணி வச்சுக்குவாரு” என்று பக்கத்து வீட்டில் சொல்லிச் சிரித்தாளாம். வாய்ப்பேச்சில் உமது மகள்தான். சென்ற வாரம் என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். “நைனாவோட பாடு திரும்பி எப்ப மாமா?”

நாளைக்கு.

நேற்று மூப்பர்கள் கூடினார்கள். ராயப்பன் என்னைப் பார்த்து, “ஆம்பள இல்லாத ஊட்டுக்குப் பாடு இல்ல. சவரிமுத்து ஊட்ட ஓலையில அடிச்சிடு ஞானப்பிரகாசம். மனசு கஷ்டம்தான், இன்னா பண்றது” என்றார்.

திரேசம்மாள் எழுந்தாள். “நான் நிக்கிறேன். அவருக்கு இடுப்புத் தண்ணி எனக்கும் இடுப்புத் தண்ணிதானே?”

சிலர் சிரித்தார்கள். “நல்லாத்தான் கேக்குற. விதியில எடம் இருக்குதானு உங்கண்ணனயே கேளும்மா” என்றார் ராயப்பன்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். இடம் இல்லை. புது விதி சேர்க்க இருபத்துநான்கு வீடும் ஒப்ப வேண்டும்; ஒரே நாளில் ஒப்பமாட்டார்கள். ஒருமுறை அடித்த வீட்டை மறுபடி சேர்த்த வழக்கமும் இல்லை. நாளைக் காலை அந்த வீட்டின் பெயரால் ஓர் ஆண் தண்ணீரில் நிற்காவிட்டால், தாயும் மகளும் இனிக் கூலிக்குக் கருவாடு புரட்டித்தான் பிழைக்க வேண்டும். “யோசித்துச் சொல்கிறேன்” என்றேன். விதி கேட்ட இடத்தில் நான் தவணை கேட்டது இதுவே முதல் முறை.

வீட்டுக்கு வந்து என் ஓலையை நானே அந்நியன்போல் படித்தேன். முறைக்காரன் யார் என்பதற்கு நான் எழுதியிருப்பது இது: அந்த வீட்டு அடுப்பில் சமைத்ததை உண்டு, அந்த வீட்டுக் கூரையின்கீழ் வாழும் ஆண். இரத்த உறவு என்றோ, தொழில் தெரிந்தவன் என்றோ அதில் இல்லை. ஓலை எழுதுகிறவன் முறைக்காரனாக இருக்கக் கூடாது என்று வேறோர் இடத்தில் இருக்கிறது. மனைவி போய்ப் பல ஆண்டுகள் ஆன எனக்குத் தனி அடுப்பு எதற்கு? ஆகவே ஓலையை ராயப்பனிடம் கொடுத்துவிட்டு உமது வீட்டில் குடியேறினால் எந்த விதியும் குலையாது.

மாலையில் திரேசம்மாளிடம் சொன்னேன். அவள் என் கைகளைத் திருப்பிப் பார்த்தாள். “எழுத்தாணி புடிச்ச கைண்ணா இது. வலைக்கயிறு தோல உரிச்சிடும்” என்றாள். பிறகு, “வாங்க. கஞ்சிக்கு இன்னா குறைச்சல்” என்றாள்.

அந்தச் சம்மதம் போதும் என்று வாய்மூடி இருந்திருக்கலாம். நாளைய பாடு உறுதியாகியிருக்கும். ஆனால் துரைமாளிகையில் நான் சொன்ன ஒரு சொல்லை அறியாமல் அவள் தந்த சம்மதம் அது. அறியாதவரிடம் வாங்கிய ஒப்புதல் செல்லாது என்று எத்தனை வழக்குகளில் நானே எழுதியிருக்கிறேன்! இதைச் சொல்லாமல் உமது கூரையின்கீழ் உட்கார்ந்து, அவள் கையால் சோறு வாங்க என்னால் முடியாது. சொன்னால் அவள் கதவைச் சாத்தலாம். சாத்தினால் பாடும் போகும். என் மனம் ஆறுவதற்காக அவர்கள் சோற்றைப் பணயம் வைக்கிறேனோ? நீர் இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்? “வாய மூடிட்டு வந்து வலைய இழு மச்சான்” என்று சொல்லியிருப்பீரோ? தெரியவில்லை. கேட்க வழியும் இல்லை.

திரேசம்மாள் இப்போது பெண்கள் பக்கம் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள். அன்னம்மாள் அருகில் இருக்கிறாள். இருவரும் இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

நான் செய்யப்போவது இது. இதை வாசித்து முடித்ததும் பாடு எழுதிய ஓலையை ராயப்பன் கையில் கொடுப்பேன். துரைமாளிகைக்குப் போய், பிழை என்னுடையது, அவர் மீறவில்லை என்று எழுதிக் கையொப்பமிட்டு வைப்பேன். அங்கிருந்து என் பாயோடும் தட்டோடும் உமது வீட்டு வாசலுக்குப் போய், நேற்றுக் கேட்டதை மறுபடி கேட்பேன். அவள் சோறு போட்டால் நாளை விடியலில் உமது பெயரைச் சொல்லித் தண்ணீரில் இறங்குவேன். அன்னம்மாளுக்கு ஒரு வழி பிறக்கும்வரை ஒரு முறைகூடத் தவறாமல் இறங்குவேன். இது உமக்கு நான் தரும் வாக்கு. போடாவிட்டால், அவளிடம் விதியைச் சொல்லி வழக்காட மாட்டேன். விடியும்வரை வாசலிலேயே இருப்பேன்.

உமது மனைவியின் அண்ணன்,
உமது மகளின் தாய்மாமன்,
ஞானப்பிரகாசம்