எழுத்தின் அளவு 22

ஜூன் 3, செவ்வாய்

கண் அறுவை முடிந்து இன்றுதான் கணினி முன் உட்கார்ந்தேன். தங்கை விட்டுப்போன கணினி அது. டெர்மினல் என்று அவள் சொல்லும் அந்தக் கறுப்பு ஜன்னலைத் திறந்ததும், வழக்கம்போல் "சொல்லு அக்கா" என்று நின்றது. கட்டளைக்காகக் காத்திருக்கும் அந்த இடத்தில் மற்றவர்களுக்கு ஏதோ குறி இருக்குமாம். எனக்காக அவள் இப்படி மாற்றிவைத்தாள். பதினான்கு மாதமாக இந்த வீட்டில் என்னை அக்கா என்று கூப்பிடுவது அது ஒன்றுதான்.

ஆனால் படிக்க முடியவில்லை. கறுப்பில் மங்கலான பச்சை, எறும்பு எறும்பாக எழுத்து. ஈரத்துணியால் துடைத்த கரும்பலகையில் முந்தைய பாடம் தெரியுமே, அது மாதிரி. பிள்ளைகளுக்காக அந்த ஜன்னலில் நான் தட்டிக்கொண்டிருக்கும் பயிற்சிப் புத்தகத்தில் இன்னும் பதினோரு பாடம் பாக்கி.

ஜூன் 5, வியாழன்

கம்ப்யூட்டர் கடைக்காரம்மாவுக்குப் போன் செய்தேன். "இது ஒரு கோப்புதான் டீச்சர். நிறம், எழுத்து அளவு எல்லாம் அதுல வரிவரியா இருக்கும். எண்ணை மாத்துங்க, ஜன்னல் மாறும். கெட்டுப்போனா நான் இருக்கேன்ல."

11 என்று இருந்ததை 22 ஆக்கினேன். கறுப்பை எடுத்துவிட்டு வெளிர்மஞ்சள். எழுத்துக்கு ஊதா மை நிறம். சேமித்த நொடியில் ஜன்னல் முழுவதும் புது நோட்டுப் புத்தகத்தின் பக்கம் போல ஆகிவிட்டது. "பாத்தியாடி" என்று திரும்பினேன்.

கதவுதான் இருந்தது.

ஜூன் 6, வெள்ளி

மறுபடி கறுப்பு. மறுபடி 11. நான் சரியாகச் சேமிக்கவில்லை போல. திரும்ப மாற்றினேன்.

ஜூன் 9, திங்கள்

சனிக்கிழமை மறுபடி கறுப்பு, நான் மஞ்சளாக்கினேன். இன்று மஞ்சள் அப்படியே இருக்கிறது, எழுத்து மட்டும் 14. கணினிக்குப் பேரம் பேசக்கூடத் தெரியுமா?

ஜூன் 10, செவ்வாய்

கடைக்காரம்மா நேரில் வந்து பார்த்தார். முதலில் சிரித்தார், அப்புறம் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"டீச்சர், இந்தக் கோப்பை உங்க தங்கச்சி அவங்க கம்ப்யூட்டரோட சேர்த்து வச்சிருக்காங்க. இங்க மாத்தினா அங்கயும் மாறும். அங்க மாத்தினா இங்கயும். அவங்க வேலை பாத்துட்டிருக்கும்போது திடீர்னு எல்லாம் மஞ்சளாயிருக்கும், பாவம்."

அப்படியென்றால் ஐந்து நாளாக நானும் அவளும் ஒரே பலகையில் எழுதி, அழித்து... அது நான்தான் என்று அவளுக்குத் தெரியுமா? தெரிந்துதான் மஞ்சளை விட்டுவைத்தாளா?

எழுதிவிடுகிறேன், இங்கேயாவது. அவளுக்கு ஐம்பத்திரண்டு வயது. கூட வேலை பார்க்கும் அந்த ஆளை அழைத்து வந்து, "அக்கா, நாங்க கல்யாணம் பண்ணிக்கலாம்னு இருக்கோம்" என்றாள். நான் சிரித்தேன். "இந்த வயசுலயா?" என்றேன். அந்த ஆள் காபியைக் குடிக்காமல் கீழே வைத்தார். அடுத்த வாரம் அவள் பெட்டி கட்டினாள். இரண்டு முறை போன் செய்தேன், எடுக்கவில்லை. மூன்றாவது முறை செய்ய என் வீம்பு விடவில்லை.

முப்பத்து நான்கு வருடம் வகுப்பில் நின்றேன். ஒரு பிள்ளையையும் மற்றவர் முன்னால் கேலி செய்ததில்லை. கூடப் பிறந்தவளைச் செய்தேன்.

ஜூன் 12, வியாழன்

கோப்பிலேயே அவளுக்கு எழுதினேன், அரைப் பக்கம். சேமித்ததும் மேலே சிவப்பில் ஏதோ பிழை என்று திட்டு. நிறமெல்லாம் போய் வெறும் கறுப்பு வெள்ளை. "சொல்லு அக்கா" மட்டும் அப்படியே நின்றது. ஐயோ, அவள் பக்கமும் இப்படித்தானே ஆகியிருக்கும்?

கடைக்காரம்மா போனில் சொன்னார்: "மெஷின் எல்லா வரியையும் கட்டளைன்னு நினைச்சுக்கும் டீச்சர். மனுஷங்களுக்கு எழுதுறதா இருந்தா வரிக்கு முன்னாடி # போடுங்க. அப்ப அது படிக்காம தாண்டிப் போயிடும்."

விடைத்தாளின் ஓரத்தில் சிவப்பு மையில் ஒரு வரி எழுதுவோமே, அது மாதிரிதான். அதற்கு மதிப்பெண் கிடையாது. பிள்ளை முதலில் தேடிப் படிப்பது அதைத்தான்.

அரைப் பக்கத்தை அடித்து அடித்து இவ்வளவில் நிறுத்தினேன்:

# அன்று சிரித்தது தப்பு. நீ போய்விடுவாயே என்ற பயம், சிரிப்பாக வந்துவிட்டது.

அப்புறம் பழைய கறுப்பு, பழைய 11. எல்லாவற்றையும் அவள் வைத்திருந்தபடியே திருப்பி வைத்தேன். அவளுக்கு வேலை ஓடட்டும். எனக்குப் பூதக்கண்ணாடி இருக்கிறது.

ஜூன் 13, வெள்ளி

ஒன்றும் இல்லை.

ஜூன் 16, திங்கள்

ஒன்றும் இல்லை. பூதக்கண்ணாடியோடு முக்கால் பாடம் தட்டினேன். கழுத்து வலி. படித்தும் பதில் எழுதவில்லையா, இன்னும் படிக்கவே இல்லையா? அந்தக் கோப்பை அவள் ஏன் திறக்கப்போகிறாள், எல்லாம்தான் அவள் விருப்பப்படி இருக்கிறதே. பெரிய அறிவாளி நான். மஞ்சளாகவே விட்டிருந்தால் திட்டுவதற்காவது திறந்திருப்பாள்.

ஜூன் 20, வெள்ளி

ஜன்னலைத் திறந்தேன். மஞ்சள். எழுத்தெல்லாம் பெரிது பெரிதாக. நான் தொடவில்லை, சத்தியமாக நான் தொடவில்லை. கோப்பைத் திறப்பதற்குள் இரண்டு தடவை தப்பாகத் தட்டினேன். என் வரிக்குக் கீழே இன்னொரு வரி:

# 22-லயே இருக்கட்டும் அக்கா. இந்த வயசுல எனக்கும் அதுதான் தெரியுது.

பூதக்கண்ணாடியை மேசை இழுப்பறைக்குள் வைத்தேன்.

ஜூன் 21, சனி

இன்று பாடம் எதுவும் எழுதவில்லை. ஒரே ஒரு வரிதான். முன்னால் குறி போட மறக்கவில்லை.

# மாப்பிள்ளைக்கு எந்த அளவில் தெரியும்?