இடது கையின் ராஜினாமா

மார்ச் 4, செவ்வாய்

இதனால் சகலருக்கும் அறிவிப்பது யாதெனில், இந்தப் பக்கங்களில் நான் எழுதப்போவதை ஒரு ஜீவனும் நம்பாது. இன்று காலை ஐந்தே காலுக்கு என் மோட்டார் சைக்கிள், அதாவது மேன்மைதங்கிய சக்கரவர்த்தி, சிமென்ட் கிடங்கை நோக்கிக் கிளம்பியபோது எதிர்க்காற்று பயந்து ஒதுங்கி நின்றது. நாற்பத்திரண்டு கிலோமீட்டர், பதினேழு வேகத்தடைகள், ஒவ்வொன்றும் ஒரு மலைத்தொடர். கடைசி சிக்னலில் என் இடது கை கிளட்சைப் பிடிக்க மறுத்தது. வண்டி ஒரு குதி குதித்து அணைந்தது.

"பெருசு, அங்கயே குடும்பம் நடத்தப் போறியா?" என்றான் பின்னால் நின்ற லாரிக்காரன்.

நான் கொடுத்த பதிலில் அவன் லாரியே வெட்கத்தில் சிவந்துவிட்டது. (பதில் ஒன்றும் கொடுக்கவில்லை. விரல்களை உதறிக்கொண்டிருந்தேன்.)

மார்ச் 6, வியாழன்

என் உத்தியோகம் எடைமேடையில். லாரி ஏறும், திரையில் எண் வரும், அதை அப்படியே எழுத வேண்டும். பத்து கிலோ கூட்டிச் சொல்ல அனுமதியில்லை. எட்டு மணி நேரம் உண்மையே பேசியவன் வீட்டுக்கு வந்தும் அதையே பேசினால் உடம்பு என்னத்துக்கு ஆகும்?

மனைவி அதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறாள். அக்கா மகள் எங்களோடு தங்க வந்த முதல் நாளே அவளுக்குப் பாடம் எடுத்தாள்: "உங்க மாமா ஆயிரம்னா நூறு, யானைன்னா ஆடு. எதுவா இருந்தாலும் பத்தால வகுத்துக்க."

இன்று சொன்னேன்: "இடது கை செத்துப் போச்சு. மணிக்கட்டுக்குக் கீழ உயிரே இல்ல."

மனைவி தையல் மிஷினிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "அப்ப உயிரோட இருக்கிற கையால அந்தக் கதவச் சாத்துங்க."

"மாமா, போன வாரம் முதுகெலும்பு நூறு துண்டாச்சே, அது ஒட்டிக்கிச்சா?" என்றாள் அக்கா மகள்.

சிரித்தார்கள். நானும்தான்.

மார்ச் 10, திங்கள்

கிளட்ச் கேபிள்மீதுதான் எனக்குச் சந்தேகம். மெக்கானிக் ஒற்றை விரலால் அழுத்திப் பார்த்தான்.

"அண்ணே, வெண்ணெ மாதிரி இருக்கு. கேபிளுக்கு இந்தப் பக்கம் ஒரு குறையும் இல்ல. அந்தப் பக்கம்தான் பாக்கணும்."

அந்தப் பக்கம் என்றால் நான்.

மார்ச் 13, வியாழன்

டாக்டர் என் கழுத்து ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் மாட்டினார். கைக்குப் போகும் நரம்பு அங்கே நசுங்கியிருக்கிறதாம். கைக்கு பலம் திரும்புமா என்றேன். "சொல்ல முடியாது. முதல்ல வண்டி ஓட்டுறத நிறுத்துங்க" என்றார்.

நான் கிளம்பும் நேரத்துக்குக் கிடங்குப் பக்கம் பேருந்து கிடையாது. சக்கரவர்த்தி இல்லையேல் எடைமேடை இல்லை. எடைமேடை இல்லையேல் — வேண்டாம், இந்த வாக்கியத்தை நான் முடிக்கப் போவதில்லை.

வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் மட்டும்? பத்தால் வகுத்தால் மிஞ்சுவது ஒரு சுளுக்கு.

மார்ச் 14, வெள்ளி

கிளட்ச் பிடிக்காமலே கியர் மாற்றக் கற்றுக்கொண்டேன். நிற்கத்தான் தெரியவில்லை.

மார்ச் 20, வியாழன்

கிடங்கு வாசலில் ஒரு லாரி பின்பக்கமாக வந்தது. நான் நிற்க வேண்டும். கிளட்சுக்குக் கை வரவில்லை. வண்டி லாரியை நோக்கித் தாவியது, பிரேக்கை மிதித்தேன், விழுந்தேன். லாரியின் சக்கரம் என் தலைக்கவசத்துக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. ஒரு சாண். இதில் கூட்டிச் சொல்ல ஒன்றுமில்லை.

கிழிந்த முழங்காலோடு வீடு வந்தேன். வழியெல்லாம் கதை தயாரித்தேன்: எட்டு லாரிகள், ஒரு புழுதிப் புயல், நடுவில் நான். வாசலில் நின்றதும் ஒன்றும் வரவில்லை.

"என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்ல. வண்டி கொஞ்சம் சறுக்கிடுச்சு."

மிஷின் நின்றது. மனைவி எழுந்து வந்தாள்.

"என்ன சொன்னீங்க?"

"கொஞ்சம் சறுக்கி—"

"இருபத்தாறு வருஷத்துல உங்க வாயில 'கொஞ்சம்'னு ஒரு வார்த்தய நான் கேட்டதில்ல. எங்க, கையக் காட்டுங்க."

துணி வெட்டும் கத்தரியை இடது கையில் கொடுத்தாள். "அழுத்துங்க பாப்போம்."

அழுத்தினேன். கத்தரி வாயைத் திறந்தபடியே இருந்தது.

அக்கா மகள் கதவோரம் நின்றாள். அவளாவது ஒரு கிண்டல் பண்ணியிருக்கலாம். பண்ணித் தொலைத்திருக்கலாம்.

மார்ச் 21, வெள்ளி

வண்டிச் சாவிய என் பொண்டாட்டி ஒளிச்சு வச்சுட்டா. எங்கன்னு எனக்குத் தெரியும், நூல்கண்டு டப்பாவுல. எடுக்கல. எடுத்து என்ன பண்ண? இந்த வயசுல எவன் கூப்பிட்டு வேல குடுப்பான்? வேற என்ன தெரியும் எனக்கு, திரையில வர்ற எண்ணப் பாத்து எழுதுறதத் தவிர? ஆத்திரத்துல கைய மேசைமேல ஓங்கி அடிச்சேன். வலிக்கல. வலிச்சிருந்தா நல்லா இருந்திருக்கும்.

மார்ச் 27, வியாழன்

மேலாளரிடம் போனில் கேட்டேன், பேருந்து ஓடும் நேரத்துக்கு என் வேலையை மாற்ற முடியுமா என்று. "பாக்கலாம் சார்" என்றார். அந்தப் 'பாக்கலாம்' எந்தச் சாதியைச் சேர்ந்தது என்று எனக்குத் தெரியும். நானே எத்தனை டிரைவர்களிடம் சொல்லியிருக்கிறேன்.

மார்ச் 30, ஞாயிறு

அக்கா மகள் தன் ஸ்கூட்டரில் மனைவிக்கு ஓட்டப் பழக்குகிறாள். மைதானத்துச் சுவரை மனைவி மூன்று முறை நேரில் சென்று நலம் விசாரித்தாள். நான் ஓரமாக நின்று யோசனை சொன்னேன். இருவரும் கேட்கவில்லை.

ஏப்ரல் 4, வெள்ளி

இன்று என் ராஜினாமாக் கடிதத்தைக் கொடுக்க மனைவி ஓட்டிய ஸ்கூட்டர் ரதத்தில் பின்சீட்டில் ஏறினேன். நூற்றெண்பதில் பறந்தோம். மேகங்கள் விலகி வழிவிட்டன. கிடங்கில் முந்நூறு லாரிகள் அணிவகுத்து ஹாரன் முழங்கின. மேலாளர் என் காலைக் கட்டிக்கொண்டு தேம்பினார். எடைமேடை தானாக நடுங்கி, என் ஒருவன் எடை நாற்பது டன் என்று காட்டியது.

எல்லாம் பொய். முப்பதைத் தாண்டி அவள் போகவில்லை. மேலாளர் கடிதத்தைக் கோப்பில் செருகிவிட்டு, அலமாரிச் சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

திரும்பும்போது ஒரு வேகத்தடைக்கு முன்னால் அவள், "நல்லா புடிச்சுக்கோங்க!" என்று கத்தினாள்.

"புடிச்சுக்கிட்டுதான் இருக்கேன்" என்று நானும் கத்தினேன்.

இது ஒன்று மட்டும் நிஜம். குனிந்து கையைப் பார்த்துவிட்டுத்தான் சொன்னேன்.