சுண்ணாம்பு அடிக்காத சுவரு

டிச. 5, திங்கள்

காலையில இருந்து தூறல். குடோனுக்கு வெங்காயம் ஈரமா வந்து எறங்குச்சு. கையெல்லாம் நாத்தம். ஆறு மூட்டை தரம் பிரிச்சதுல இடுப்பு விட்டுப் போச்சு.

மகளோட பழைய நோட்டு. மிச்சம் கிடந்த பக்கத்துல எழுதுறேன். அவ வேடசந்தூர்ல, மில்லு ஆஸ்டல்ல. எங்க வீட்டுக்காரரு, அவுகள வெள்ளம் கொண்டு போய் இன்னிக்கு நாப்பத்தோரு நாள். யார்கிட்டயும் சொல்ல முடியாததை இதுல எழுதிட்டா செத்த நேரம் தூக்கம் வருது. அஞ்சாப்பு படிச்ச எழுத்து. யாரு பாக்கப் போறா.

தெரு பூராம் சுண்ணாம்பு அடிக்கிறாக. கிறிஸ்மசுக்கு இருபது நாள் கிடக்கு, இம்புட்டு அவசரம் எதுக்குன்னு தெரியல. நம்ம வீட்டுல அடிக்கக் கூடாது. எழவு விழுந்த வீடு, வருசம் திரும்பணும். ஸ்டாரும் கட்டக் கூடாது. வெள்ளம் நின்ன கோடு சுவத்துல அப்பிடியே கிடக்கு. செம்மண் கலரு. ஸ்கேல் வச்சு இழுத்த மாதிரி.

வாங்கணும்: மண்ணெண்ணெய், பல்பொடி, கல்லறைக்கு மெழுகுவத்தி.

டிச. 6, செவ்வாய்

அவசரம் எதுக்குன்னு தெரிஞ்சு போச்சு.

முனிசிபாலிட்டியில இருந்து அளக்க வாராகளாம். ஊரு பெருத்துக்கிட்டே போகுது. நாலு பக்கமும் பிளாட்டு. சிறுமலைப் பக்கம் பேயுற மழைத்தண்ணி போக வழி இல்ல. பெரிய கால்வாய் கட்டுறதுக்குப் படம் போடுறாக. எந்தத் தெருவுல எம்புட்டுத் தண்ணி நின்னுச்சுன்னு வீடு வீடா வந்து கேப்பாகளாம்.

சாயங்காலம் குழாயடியில கூட்டம். வார்டு மெம்பரோட ஆளு ஒருத்தரு வந்து பேசுனாரு. "கழுத்து மட்டுக்கும் வந்துச்சுன்னு வாய விட்டீகன்னா, இது ஓடைன்னு எழுதிருவான். நீங்க பட்டா கேட்டுக் கொடுத்த மனு அம்புட்டும் குப்பைக்குப் போகும். எந்திரிச்சுப் போம்பான். அதனால முழங்கால். எந்த வீட்டுல கேட்டாலும் முழங்கால்."

பக்கத்து வீட்டு மோட்சம் கேட்டா, "யாரு முழங்காலுண்ணே? உங்களுதா, எங்களுதா?"

எல்லாரும் சிரிச்சாக. எனக்கும் சிரிப்பு வந்திருச்சு. அவுக போனதுக்கப்புறம் மொதத் தடவ. அப்புறம் வெக்கமாப் போச்சு. குடத்தைத் தூக்கிட்டு வந்துட்டேன்.

பின்னாடியே ஒரு குரலு, அவுக பேரைச் சொல்லி. "ஆரோக்கியம் வீட்டுச் சுவரை என்ன பண்றது?" என் கொழுந்தன் சவரி, "அதை நான் பாத்துக்கிறேன்"னான்.

டிச. 7, புதன்

மழை இல்ல. புழுக்கம்.

சவரி சுண்ணாம்பு வாளியும் மட்டையுமா வந்து நின்னான்.

"மதினி, தெருப்பக்கம் மட்டும் அடிச்சு விட்டுறேன்."

"உங்க அண்ணனுக்கு வருசம் திரும்பலயேப்பா."

"பங்குச் சாமியார்ட்ட கேட்டுட்டேன். தப்பில்லங்கிறாரு."

"அவருக்கென்ன. அவரு வீட்டுலயா எழவு?"

வாளியை வச்சிட்டுப் போயிட்டான். பாவம். மூணு புள்ளை அவனுக்கு. எனக்கு மட்டும் பட்டா வேண்டாமா? அந்த மனுவை மூணு தடவை எழுதிக் கொடுத்ததே அவுகதான். தாலுகா ஆபீஸ் வாசல்ல அம்புட்டு நேரம் நின்னாக.

நாளைக்கு அடிச்சா அடிக்கட்டும்னுதான் நெனச்சேன். நெசமாத்தான்.

டிச. 9, வெள்ளி

வந்துட்டாக. கண்ணாடி போட்ட அளவு சாரு ஒருத்தரு, கட்டை பிடிக்கிற ஆளு ஒருத்தரு. கட்டை ஆள் உசரத்துக்கு ரெண்டு பங்கு, கறுப்பும் சிவப்புமா நம்பர் போட்டது. முக்காலி மேல ஒரு குழல், அதுல ஒத்தக் கண்ணு வச்சுப் பாக்குறாரு.

வீட்டுக்கு வீடு கேள்வி. வீட்டுக்கு வீடு முழங்கால். நம்ம வீட்டுக் கோட்டைச் சவரி தார்ப்பாயைத் தொங்க விட்டு மறைச்சிட்டான்.

பதினோராவது வீட்டுல சாரு பேனாவை மூடிட்டாரு. "ஏம்மா, உங்க தெரு மேற்கேருந்து கிழக்கே சரிஞ்சு இறங்குது. மேலக் கோடியிலயும் முழங்கால், கீழக் கோடியிலயும் முழங்கால்னா, தண்ணி என்ன தெருவோட சேந்து சாஞ்சா நின்னுச்சு?"

இதை யாருமே யோசிக்கல பாரு.

அப்புறம் அவரு கேட்டாரு. "ஒருத்தர் இறந்துபோனதா ஆபீஸ்ல இருக்கு. முழங்கால் தண்ணியில பெரிய ஆளு எப்பிடிச் சாவாரு?"

மோட்சம்தான் சொன்னா. "குடிச்சிருந்தாரு சார். வழுக்கி விழுந்துட்டாரு."

நான் பின்னாடி குடத்தோட நிக்கிறேன். அவ பாக்கல. சவரி பாத்தான். பாத்துட்டுத் தரையைப் பாத்தான்.

சோறு பொங்கல.

டிச. 10, சனி

லோடு கம்மி. சீக்கிரம் விட்டுட்டாக.

அவுக குடிச்சவுகதான். நான் மறைக்கல. விட்டு மூணு வருசம். வேளாங்கண்ணிக்கு நடந்து போய், வந்து, அன்னியோட விட்டது. மூட்டை தூக்குற செட்டுல குடிக்காத ஆளுன்னு கேலி பண்ணுவாக, "வாப்பா, மோருக் கிளப்பு" அப்பிடின்னு. சிரிச்சுக்கிட்டு வந்துருவாக.

ஆனா அன்னிக்கு? மழைன்னு பேட்டையில அவுகளுக்கு மூட்டை தூக்குற வேலை இல்ல. கையில நேரம் இருந்துச்சு. நான் குடோன்ல மாட்டிக்கிட்டேன், மறுநாள்தான் வீடு வந்தேன். கீழக் கோடிக் குழாய்ப்பாலத்துக்குள்ள தென்னங்கீத்து அடைச்சிருந்துச்சு, எடுக்கப் போனாரு, இழுத்துருச்சுன்னு சொன்னாக. யாரு பாத்தது? யாரையும் கேக்கல நான். கேக்கப் பயம்.

கிடத்தியிருந்தப்ப குனிஞ்சு மூக்கை அவுக வாய்கிட்டக் கொண்டு போனேன். முத்தம் கொடுக்கிறேன்னு நெனச்சாக எல்லாரும். சேத்து வாடைதான் வந்துச்சு. அதை வச்சு என்ன தெரியும்.

டிச. 12, திங்கள்

வேலைக்குப் போகல.

அளவு சாரு தெருமுனையில டீ குடிச்சுக்கிட்டு நின்னாரு. "எங்க வீட்டுக்கு வாங்க சார்"னேன். தார்ப்பாயை விலக்கிச் சுவத்தைக் காட்டுனேன்.

கோட்டை விரலால தொட்டுப் பாத்தாரு. அப்புறம், "இதைத்தாம்மா மூணு நாளாத் தேடுறேன்." கட்டையை நிப்பாட்டச் சொல்லி, குழலுக்குள்ள பாத்து எழுதிக்கிட்டாரு. நாலடி எட்டங்குலம். எனக்குத் தாடை மட்டம்.

"மத்த வீட்டுல அழிச்சிட்டாகளே சார்."

"ஒரு வீடு போதும். தண்ணி மட்டமாத்தான் நிக்கும். இங்கேருந்து எல்லா வீட்டுக்கும் கண்டுபிடிச்சிரலாம்."

அதே மாதிரி செஞ்சாரு. புதுச் சுண்ணாம்பு மேல வீட்டுக்கு வீடு செவப்புப் பெயிண்டுல ஒரு கோடு. மேலக் கோடியில தொடை. மோட்சம் வீடு பள்ளம், அவ தலைக்கு மேல போச்சு கோடு.

கேட்டேன், "இதை எழுதுனா எங்கள எந்திரிச்சுப் போகச் சொல்லுவீகளா?"

"அது என் கையில இல்லம்மா. முழங்கால்னு எழுதிக்கிட்டுப் போனா முழங்கால் தண்ணிக்குத்தான் கால்வாய் கட்டுவாங்க. அது மட்டும் தெரியும்."

"எங்க வீட்டுக்காரரு குடிச்சிருந்தாருன்னு எழுதிட்டீகளா?"

பேப்பரைக் காட்டுனாரு. கட்டம் கட்டமா இருந்துச்சு. "இல்லம்மா. அதுக்கு இதுல எடம் இல்ல."

"குடிக்கலன்னு எழுத?"

"அதுக்கும் இல்லம்மா."

படத்துல நம்ம வீடு இருக்கிற எடத்துல நீலப் பென்சில்ல ஒரு புள்ளி வச்சாரு. அம்புட்டுத்தான்.

டிச. 13, செவ்வாய்

குழாயடியில என் குடத்தை வரிசையை விட்டு எடுத்துத் தள்ளி வச்சிருந்தாக. யாருன்னு கேக்கல. "புருசனையும் முழுங்கிட்டா, பட்டாவையும் முழுங்கிட்டா"ன்னு ஒரு குரலு. அதுவும் யாருன்னு கேக்கல.

செவப்புக் கோட்டு மேல திரும்பச் சுண்ணாம்பு. ரோஸ் கலருல மினுங்குது.

புது மனு எழுதுறாகளாம். என் வீட்டுல இருக்கிறது வெள்ளக் கோடு இல்ல, சுவத்துல ஏறுன ஓதம்னு. எல்லாரும் கையெழுத்து. சவரியும் போட்டானாம். வந்து வாளியை எடுத்துக்கிட்டுப் போனான். "போறேன் மதினி"ன்னு சொன்னான், அதையாச்சும் சொன்னான்.

அரிசி ரெண்டு நாளைக்கு இருக்கு. முழங்கால் வலி. மெழுகுவத்தி வாங்க மறந்துட்டேன்.

டிச. 15, வியாழன்

வெயிலு. லோடு வரல.

மத்தியானம் மோட்சம் வந்தா. பின்வாசல் வழியா. இடுப்புல கைப்பிள்ளை. உக்காரச் சொல்லல, அவளே உக்காந்தா.

"ஏங்க்கா, பேச மாட்டியா?"

"அந்தப் புது மனுவுல கையெழுத்துப் போட்டுட்டியா?"

"போட்டேன்." அழுதா. அப்புறம் சொன்னா.

"அண்ணன் குடிக்கலக்கா. அன்னிக்கு எங்க வீட்டுக்காரரு ஆட்டோ ஓட்டப் போயிட்டாரு, தண்ணி குபுகுபுன்னு உள்ள வருது. இவளத் தலைக்கு மேல தூக்கிப் பிடிச்சுக்கிட்டுக் கத்துறேன். ஒரு பய வரல. அண்ணன்தான் நீந்தி வந்தாரு. இவள வாங்கிப் பரண்ல வச்சாரு. என்னையும் தூக்கி ஏத்தி விட்டாரு. 'பாலத்துல கீத்து அடைச்சிருக்கு, பிடுங்கிட்டா வடிஞ்சிரும், எறங்கிராத புள்ள'ன்னு சொல்லிட்டுப் போனாரு. மூஞ்சிக்கு மூஞ்சி நின்னாருக்கா. வெத்தலை வாடைதான் அடிச்சுச்சு."

"இதை அந்த சார்ட்ட வந்து சொல்லு"ன்னேன். தலையை ஆட்டுனா. "சரி, சவரிகிட்டயாச்சும் சொல்லு."

"பட்டா கைக்கு வரட்டும்க்கா. அப்புறம் கோயில்ல ஏறி நின்னு வேணாலும் சொல்றேன்."

பிள்ளை என் சேலையைப் பிடிச்சு இழுத்துச்சு. வாங்கி மடியில வச்சுக்கிட்டேன். கனமா இருக்கு, நல்லா வளந்திருக்கு. மோட்சம் எந்திரிச்சு அவளே காப்பி போட்டா. டம்ளரைக் கையில வச்சுக்கிட்டு என்னையே பாத்துக்கிட்டு இருந்தா.

ஆறுது, குடின்னேன்.